விசுவாசமா, கிரியையா?

இரட்சிப்புக்கு, அதாவது பாவத்திலிருந்து மீட்கப்படுவதற்கு, விசுவாசம் போதுமா, நற்கிரியையும் (நற்செயலும்) வேண்டுமா என்று எங்கே பேச்சு எழுந்தாலும் ஒருவர் கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிற எபேசியர் 2:8-ஐ எடுப்பார், இன்னொருவர் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற யாக்கோபு 2:24-ஐ எடுப்பார். வசனத்தால் ஒருவரையொருவர் அடித்துவிட்டு, வந்த கருத்தோடே திரும்பிப் போவார்கள். எபேசியரை மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்கு 10-ஆம் வசனம் மட்டும் ஏனோ நினைவுக்கு வராது. நற்கிரியைகளைச் செய்யவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே எழுதுவதும் 8-ஆம் வசனத்தை எழுதிய அதே பவுல்தான்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். விசுவாசம்தான் முதல். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு நல்லது செய்யக் காலமும் இல்லை, கையும் இல்லை. ஆனாலும் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு இயேசுவிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது. இரட்சிப்பு கூலியாக இருந்திருந்தால் அவனுக்கு என்ன வந்திருக்கும்? (மற்றக் கள்ளனைக் கண்டித்தானே, அது கிரியை இல்லையா என்பார்கள். அந்தப் பேச்சே விசுவாசத்தில் பிறந்ததுதானே!)

சரி, எதை விசுவாசம் என்கிறோம்? தேவன் ஒருவர் உண்டு என்று ஒத்துக்கொள்வது மட்டும்தான் என்றால், அதைப் பிசாசுகளும் செய்கின்றன, நடுங்கவும் செய்கின்றன என்கிறார் யாக்கோபு. சாட்சிக்கு அவரும் பவுலும் அழைப்பது ஆபிரகாமைத்தான். ஆதியாகமம் 15-இல் அவர் கர்த்தரை விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் உடன்படிக்கைச் சடங்கு) பண்ணிக்கொள்வதற்கு முன்பே நடந்தது இது. பவுலுக்கு அதுதான் முக்கியம். யாக்கோபோ அதே ஆதியாகமத்தின் 22-ஆம் அதிகாரத்துக்கு, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய இடத்துக்குப் போகிறார். பவுல் வாதாடியது புறஜாதியார்மேல் (யூதரல்லாதவர்கள்மேல்) விருத்தசேதனத்தைச் சுமத்தியவர்களோடு. யாக்கோபு கண்டிப்பதோ, உடுக்கத் துணியில்லாதவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறவனை. ஆள் வேறு, அதனால் பேச்சும் வேறு.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் நம் புண்ணியத்தால் அல்ல, கிருபையால்தான் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். அதைக்கூடப் படிக்காமல்தான் இன்னும் சண்டை நடக்கிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது நியாயத்தீர்ப்பைச் சொல்லும் மத்தேயு 25. வலதுபக்கம் நிற்கும் நீதிமான்களுக்கு, பசித்தவர்களுக்குக் கொடுத்தபோது ஆண்டவருக்கே செய்தோம் என்பது தெரியவே இல்லை. "ஆண்டவரே, எப்பொழுது?" என்று கேட்கிறார்கள். 7-ஆம் அதிகாரத்தில் வருகிறவர்களோ தீர்க்கதரிசனம், பிசாசு துரத்தல், அற்புதம் என்று பட்டியலோடு நிற்கிறார்கள். "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். விசுவாசம் மட்டும் என்கிறவர்கள் 25-ஐயும், கிரியையே பெரிது என்கிறவர்கள் 7-ஐயும் எப்படி வாசிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தயவுசெய்து வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள்.