கல்லீரல் கொழுப்பு வாய்க்கொழுப்பு இல்லை

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்த மருத்துவ முகாமைப் பற்றி முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை, வீடியோ அதற்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்ட ஒரு அம்மாவிடம் அந்தப் பேச்சாளர், "கல்லீரல் கொழுப்புன்னா வேற ஒண்ணும் இல்லம்மா, வாய்க்கொழுப்புதான்" என்றார். வாயைக் கட்டாமல் தின்றதால் வந்தது என்று அர்த்தம். கூட்டம் சிரித்தது. அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"விளையாட்டாச் சொன்னதை இவ்வளவு பெரிசு பண்ணணுமா" என்று இரண்டு பேர் போன் செய்து கேட்டார்கள். பண்ணத்தான் வேண்டும். அந்தச் சிரிப்பு அடங்கிய கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அடியிலிருந்து, கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிற 'லிவர் டீடாக்ஸ்' டப்பாக்கள் வெளியே வந்தன, வீடியோவில் அது இல்லை. முதலில் கூனிக் குறுக வை, அப்புறம் விற்றுவிடு. இதே மாதிரி ஒரு டப்பாவை என் வீட்டிலேயே பார்த்தவள் நான்.

என் அக்காவுக்கு 51 வயது. எடை 54 கிலோ. பார்த்தால் ஒல்லி என்றுதான் சொல்வார்கள். 48 வயதில் மாதவிடாய் நின்றது, அதற்கு முன்பே தைராய்டு மாத்திரை. போன வருடம் வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது ஃபேட்டி லிவர், கிரேடு 2 என்று வந்தது, அதாவது கல்லீரலில் நடுத்தர அளவுக்குக் கொழுப்பு. ரிப்போர்ட்டைப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பழக்கம் உண்டா?" அதைக் கேட்டே ஆகவேண்டும், அதில் எனக்குக் கோபமில்லை. இல்லை என்றதும் அடுத்து வந்தது "அப்ப நல்லா சாப்பிடுறீங்க போல." அதோடு முடிந்தது ஆலோசனை. இடுப்பைக்கூட யாரும் அளக்கவில்லை. நான் வீட்டில் அளந்தேன், 86 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு ஏறினால் ஃபேட்டி லிவர் என்கிறார்கள். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் தட்டிலிருந்து நேராக அங்கே போவதில்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக அடங்காதபோது, வயிற்றிலும் மற்ற இடங்களிலும் இருக்கிற கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் கரைந்து ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. போதாததற்கு, மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் இருக்கிற வரை பெண்களுக்கு ஓரளவு காவல் உண்டு. மாதவிடாய் நின்று அது குறைந்ததும், பின்புறத்திலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. தைராய்டு குறைந்தால் கல்லீரல் கொழுப்பை எரிக்கிற வேகம் குறைகிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதன்முதலாக அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம் மருந்து, கல்லீரலில் தைராய்டு ஹார்மோன் வேலை செய்யும் இடத்தைத் தூண்டித்தான் பலன் தருகிறது. இதில் வாய்க்கொழுப்பு எங்கே வந்தது?

2023-ல் உலக அளவில் மருத்துவர்கள் கூடி இந்த நோயின் பெயரையே மாற்றினார்கள். 'ஃபேட்டி', 'ஆல்கஹாலிக்' என்ற சொற்கள் நோயாளியை அவமானப்படுத்துகின்றன என்பது அதற்கு ஒரு காரணம். அவர்கள் பெயரில்கூட அவமானம் வேண்டாம் என்று யோசிக்கிறார்கள், இங்கே மைக் பிடித்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"அப்ப சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. உணவுதான் பெரிய மருந்து. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் வீக்கம் தணிகிறது, தழும்புகூடக் குறையலாம். ஒல்லியானவர்களுக்கு 3 முதல் 5 சதவீதமே பலன் தரும். வடிகட்டிய பழச்சாறு, இனிப்புப் பானம், தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும், எல்லாம் மாறத்தான் வேண்டும். ஆனால் அதை ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு, அவர் முகத்தில் அடிப்பது வேறு. அவமானப்பட்டவர் சோற்றைக் குறைப்பதில்லை, ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கிறார்.

அக்கா ஒளித்து வைத்தாள். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த கேப்சூலை இரண்டு மாதம் யாருக்கும் சொல்லாமல் விழுங்கினாள். கிரீன் டீ சாறு, கொடம்புளிச் சாறு, மஞ்சளோடு மிளகுச் சத்து. எல்லாம் நம் அடுப்படியில் இருக்கிற பெயர்கள்தானே என்று நினைத்திருக்கிறாள். கல்லீரல் பாதிப்பைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை எஸ்ஜிபிடி, 38-ஆக இருந்தது 312 ஆனது. நிறுத்திய பிறகு பத்து வாரம் ஆயிற்று இறங்குவதற்கு.

இதைச் சொன்னால் உடனே "இயற்கை மருந்தைக் குறை சொல்றீங்க" என்று வருவார்கள். மீன் குழம்பில் போடும் கொடம்புளியையும் ரசத்தில் போடும் மஞ்சளையும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே பல மடங்கு செறிவாக்கி மாத்திரையில் அடைத்தால் சிலருக்குக் கல்லீரல் கெடுகிறது, இந்த மூன்றுக்கும் அப்படிப் பதிவுகள் உண்டு. வைட்டமின் ஈ-யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் வந்த பெரிய ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத, கல்லீரல் வீக்கம் உறுதியானவர்களுக்குத் தினம் 800 யூனிட் பலன் தந்தது. ஆனால் 400 யூனிட்டே ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது என்று 2011-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. அதைப் போய் கடலை மிட்டாய் மாதிரி எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தானுக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக அவருக்குத் தனிச் சமையல். கொள்ளு, கீரை, அளந்து வைத்த சோறு. செய்வது அக்காதான். அவள் சாப்பிடுவது மூன்று மணிக்கு, சட்டியில் மிஞ்சிய சோறும் குழம்பும். காய் மிஞ்சுவதில்லை. கொட்ட மனசு வராமல் பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் அவளே தின்பாள். அவளுக்கென்று ஒரு நாள் யாராவது கொள்ளு வேகவைத்தோமா? நானும்தான் செய்யவில்லை. இதற்குப் பெயர் வாய்க்கொழுப்பா?

அந்த வீடியோ அக்காவுக்கும் போயிருக்கிறது. நேற்று ராத்திரி போனில் கேட்டாள்: "நான் என்னடி அவ்வளவு சாப்பிட்டுட்டேன்?"