சங்கம் தின்றது என்பது பாதிக் கதைதான்

‘லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர்கள் தின்று தீர்த்த பணத்துக்குத்தான் அமெரிக்க அரசு 3,600 கோடி டாலர் கொடுத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓட்டுநர்களுக்கு ஓய்வூதியம் தரும் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் நிதிக்கு 2022 டிசம்பரில் அறிவித்த தொகை ஏறக்குறைய அதுதான். காரணம்தான் தவறு.

பல நிறுவனங்கள் சந்தா கட்டும் அந்த நிதியைச் சங்கம் தனியாக ஆள்வதில்லை. 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி தொழிலாளர் சட்டப்படி, நிதியை நிர்வகிக்கும் அறங்காவலர்களில் சரிபாதி முதலாளிகள் தரப்பு. ஒரு காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்கு நிதியிலிருந்து கடன் போனது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 1982இலேயே நீதிமன்றக் கண்காணிப்பு வந்துவிட்டது.

நிதியில் பள்ளம் விழுந்தது வேறு காரணத்தால். 1980இல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் பல நிறுவனங்கள் திவாலாயின. திவாலான நிறுவனத்திடமிருந்து நிதிக்குச் சேர வேண்டிய பாக்கி பெரும்பாலும் வராது. அதன் ஓய்வூதியர்களுக்கும் சேர்த்து மிச்சமிருக்கும் நிறுவனங்கள்தான் சுமக்க வேண்டும். யூ.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனம் 2007இல் 610 கோடி டாலர் கட்டிவிட்டு வெளியேறியது. அதன் சந்தாவும் நின்றது. அடுத்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது.

‘எப்படியும் அரசுக் காப்பீடு முழுதாகத் தரும்’ என்றும் சொல்கிறீர்கள். பல நிறுவனங்கள் சேர்ந்த இவ்வகை நிதிகளுக்கு, 30 ஆண்டு உழைத்தவருக்கே, காப்பீட்டின் உச்சவரம்பு ஆண்டுக்கு 12,870 டாலர்தான்.