முள்ளைக் காட்டாதீங்க, தராசைக் காட்டுங்க

"ஃபுல்லு சார், முள்ளைப் பாருங்க."

பெங்களூரில் மீன் தொட்டிக்குள் செடி வளர்த்து, அதற்குச் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கேஸ் விடுகிற எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். இந்த வாரமும் அதேதான். 2 கிலோ சிலிண்டர், 2 கிலோவுக்கு முழுக் காசு. வீட்டுக்கு வந்து தராசில் ஏற்றினால் உள்ளே இருப்பது 900 கிராம். பாதி கூட இல்லை! திருப்பி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால் என்ன நடக்கும்? இதுதான் நடக்கும்:

"அண்ணா, நிரப்பும்போது எடை போட்டீங்களா?"

"எடை எதுக்கு சார்? முள்ளு 64-ல நிக்குது பாருங்க."

"முள்ளு பிரஷரைத்தான் காட்டும். உள்ளே எவ்வளவு இருக்குன்னு காட்டாதுண்ணா."

"பிரஷர் ஃபுல்லுன்னா கேஸும் ஃபுல்லுதானே?"

"இல்லண்ணா. தராசு இருக்கா?"

"இருக்கு, குடோன்ல."

"எடுத்துட்டு வாங்க, நான் நிக்கறேன்."

"ஓனர் பூட்டிட்டுப் போயிட்டாரு. நாளைக்கு வாங்க."

"காலி எடை 5.2, இப்போ 6.1. நீங்களே கணக்குப் போடுங்க."

"உங்க தராசு தப்பா இருக்கும் சார்."

"அப்போ உங்க தராசுல போடுங்க."

"அதான் சொன்னேனே, குடோன்ல இருக்கு."

இதையே அரை மணி நேரம் மாற்றி மாற்றிப் பேசலாம். ஒவ்வொரு தடவையும் விரல் போய் நிற்பது அந்த முள்ளில்தான்.

கேஸ் விற்கிறவருக்கே தெரியாத விஷயத்தை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது, அதன் மேலே ஆவி. திரவம் ஒரு சொட்டு மிச்சமிருக்கும் வரை பிரஷரைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். 20 டிகிரியில் சுமார் 57 பார் (பார் என்பது பிரஷரின் அலகு), 25 டிகிரியில் சுமார் 64. உள்ளே 2 கிலோ இருந்தாலும் 64, 900 கிராம் இருந்தாலும் 64. மதிய வெயிலில் ஆட்டோவில் வைத்து எடுத்து வந்தால் முள் ஏறும், காலையில் இறங்கும். அதைப் பார்த்து 'ஃபுல்' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? வீட்டுச் சமையல் சிலிண்டரும் இப்படித்தான். அதனால்தான் அதன் மேல் 14.2 கிலோ என்று நிகர எடை எழுதியிருக்கிறது, யாரும் முள்ளைக் காட்டி விற்பதில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் மூன்று வாரம் கழித்து வரும். 2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 3 லிட்டர். 25 டிகிரியில் அந்த 3 லிட்டரையும் ஆவியாகவே நிரப்ப சுமார் 700 கிராம் போதும். அதாவது 700 கிராமுக்குக் கீழே போனதும் திரவம் தீர்ந்து முள் இறங்கத் தொடங்கும். 900 கிராம் வாங்கியவருக்கு 200 கிராம் செலவானதுமே அந்த நிலை வந்துவிடும். கடைக்கு ஃபோன் போட்டால் உடனே பதில்: "உங்க வீட்டுல லீக் சார்." சோப்புத் தண்ணீரைப் பிரஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவி, ராத்திரி பூரா குமிழி தேடி உட்கார்ந்திருக்கிறவர்கள் எத்தனை பேர்! லீக்கே இல்லை. நிரப்பவே இல்லை.

ஏன் பாதிதான் ஏறுகிறது? பெரிய சிலிண்டரிலிருந்து பம்ப் இல்லாமல் குழாய் போட்டுச் சின்னதற்கு இறக்குகிறார்கள். இரண்டிலும் பிரஷர் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். சின்ன சிலிண்டரை முன்கூட்டியே நன்றாகக் குளிர வைத்து, தராசின் மேலேயே வைத்து, குறித்த எடை வந்ததும் வால்வை மூட வேண்டும். இது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. கூடுதலாக ஏற்றிவிட்டால் திரவம் விரிய இடமில்லாமல் வெயிலில் பிரஷர் எகிறி, வால்விலுள்ள பாதுகாப்புத் தகடு கிழிந்துவிடும். ஆக எடை போடாமல் நிரப்புவது குறைத்தாலும் குற்றம், கூட்டினாலும் குற்றம்.

அடுத்தது 'மாத்திக்கலாம் சார்' கோஷ்டி. நீங்கள் கொடுத்தது ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதி குத்திய சுத்தமான சிலிண்டர். திரும்பி வருவது துரு ஏறிய, பெயின்ட் அடித்து மறைத்த பழைய தீயணைப்பு சிலிண்டர். துருவைக் கூட விடுங்கள். தீயணைப்பானுக்குள் அடி வரை ஒரு குழாய் இருக்கும், திரவத்தையே வெளியே தள்ளுவதற்காக. அதைக் கழற்றாமல் ரெகுலேட்டரை மாட்டினால் ஆவி வர வேண்டிய இடத்தில் திரவம் பாயும். ரெகுலேட்டர் உறைந்து வெள்ளை பூக்கும், அதன் உள்ளே இருக்கிற டயஃப்ரம் என்ற சவ்வும், மின்சாரத்தில் திறந்து மூடுகிற சோலனாய்டு வால்வின் ரப்பர் சீலும் பாழாகும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ரெகுலேட்டர் ஒரே நாளில் காலி. உள்ளே குழாய் இருக்கிறதா என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார்கள். ஒண்ணு இல்லை. உங்கள் சிலிண்டரின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அதையே நிரப்பித் தரச் சொல்லுங்கள். காத்திருந்து வாங்குங்கள்.

மரைச் சண்டை தனி. வெளிநாட்டு ரெகுலேட்டரில் ஒன்று டபிள்யூ 21.8 என்ற ஐரோப்பிய மரை, இன்னொன்று சிஜிஏ 320 என்ற அமெரிக்க மரை. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான், விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். அதனால் ஒன்றில் இன்னொன்று பாதி ஏறி, சரியாக உட்கார்ந்த மாதிரியே ஏமாற்றும். அங்கே ஸ்பேனரைப் போட்டு நெரிக்கிற கடைக்காரரின் கையைப் பிடித்துத் தடுங்கள். அடாப்டர் வாங்குங்கள். சிலிண்டர் பக்கத்து மரையில் டெஃப்ளான் டேப் சுற்றுவதும் வீண் வேலை. அங்கே கசிவை அடைப்பது நைலான் வாஷர், மரை அல்ல. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புது வாஷர் போடுங்கள். பத்து ரூபாய் சாமானுக்காகப் பழையதையே திருப்பிப் போட்டு, முழு சிலிண்டரையும் காற்றில் விடுகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது.

மாட்டும்போது நீடில் வால்வை (தொட்டிக்குப் போகும் கேஸின் வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கிற திருகு) மூடுங்கள், ரெகுலேட்டர் குமிழைத் தளர்த்துங்கள், முள் இருக்கிற கேஜுக்கு நேரே முகத்தை வைக்காமல் சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். பிறகு 2 பார் வரை ஏற்றி, சோலனாய்டுக்கு மின்சாரம் கொடுத்து, கடைசியாக நீடில் வால்வு. முள் இறங்கத் தொடங்கிய சிலிண்டரைக் கடைசி மூச்சு வரை ஓட்டாதீர்கள். பிரஷரை ஒரே கட்டத்தில் குறைக்கிற சிங்கிள் ஸ்டேஜ் ரெகுலேட்டரில் உள்ளே வரும் பிரஷர் குறையக் குறைய வெளியே போவது ஏறும். நொடிக்கு இரண்டு குமிழி என்று வைத்தது ஆறாகும், எட்டாகும். தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று நிறத்தில் காட்டுகிற டிராப் செக்கர் மஞ்சளாக மாற எப்படியும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். அந்த நேரத்தில் கேஸை நிறுத்தி, ஏர் பம்பைப் போட்டு, தண்ணீரைப் பாதி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 900 கிராம் சிலிண்டர் இந்த ஆபத்தையும் சீக்கிரமே கொண்டு வந்து நிறுத்துகிறது. அதைத்தான் அந்தக் கவுன்டரில் சொல்லிப் பார்த்தால், "மீனுக்கும் கேஸுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

இதற்கு நடுவே நம் ஊர் பவர் கட். கரன்ட் போனால் சோலனாய்டு தானாக மூடிக்கொள்ளும், அது நல்லது. ஆனால் முள் சுற்றுகிற பழைய டைமரும் அங்கேயே நின்றுவிடும். மூன்று மணி நேரம் கரன்ட் இல்லையென்றால் சாயங்காலம் நிற்க வேண்டிய கேஸ், விளக்கு அணைந்த பிறகும் மூன்று மணி நேரம் ஓடும். இருட்டில் செடி கேஸை எடுக்காது, வாங்கிக்கட்டிக்கொள்வது மீன். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை மட்டும் வாங்குங்கள்.

இவ்வளவு பாடும் எந்தச் செடிக்காக? மீன் கடையில் தண்ணீருக்குள் அமுக்கி வைத்து 'அக்வேரியம் செடி' என்று விற்கிறார்களே, அதில் பாதி தொட்டிச்செடி! லக்கி பாம்பூ, சிங்கோனியம், ஊதா இலை ஹெமிகிராஃபிஸ். எல்லாம் தரையில் வளர்கிற சாதி. முழுதாக மூழ்க வைத்தால் நாளடைவில் அழுகிப்போகும், எவ்வளவு கேஸ் விட்டாலும் பிழைக்காது. புதிதாகத் தொட்டி வைக்கிற பிள்ளைகள் தலையில் இதைக் கட்டி, அழுகியதும் "கேஸ் பத்தல, பெரிய சிலிண்டர் வாங்குங்க" என்கிறார்கள். யார் சார் இவங்களைக் கேட்கிறது?