எடின்பரோவின் 13, வேலூரின் 9

மனநலத்தை மதிப்பிடும் வினாத்தாளைப் பிழையில்லாமல் தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் உட்பட, நினைக்கிறோம். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலை எடுத்துக்கொள்வோம். மனநல மருத்துவர் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் 1987-இல் வெளியிட்ட இதில் 10 கேள்விகள். கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 30 மதிப்பெண்கள். 13-ம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது ஸ்காட்லாந்தில் வகுத்த கணக்கு. தமிழ் வடிவத்தை வேலூரில் தாய்மார்களிடம் கேட்டு, அதே பெண்களை விரிவான மனநல நேர்காணலாலும் மதிப்பிட்டு, இரண்டையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்விலோ, எல்லைக்கோடு 8-க்கும் 9-க்கும் நடுவே விழுந்தது. கேள்விகளை மட்டும் தமிழாக்கி, 13-ஐ அப்படியே வைத்துக்கொண்டால், 11 மதிப்பெண் பெறும் பெண்ணை நாம் நல்ல தமிழில் விசாரித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

மதிப்பெண் குறைவதற்குக் கேட்கும் முறையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. தாய் தானே படித்து, தானே குறிக்க வேண்டும் என்று அமைக்கப்பட்ட தாள் அது. இங்கே பெரும்பாலும் செவிலியர் வாசிக்க, அவள் வாயால் பதில் சொல்கிறாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்ற பத்தாவது கேள்விக்கு எந்த மருமகள் வாய் திறப்பாள்? ‘அதெல்லாம் இல்லைங்க’ என்பாள். தாளில் சுழியம் விழும். போதாக்குறைக்கு, அளவில் மட்டும் வேறுபடும் நான்கு விடைகளையும் காதால் கேட்டு நினைவில் நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, படித்தவர்களுக்கே எளிதல்ல.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு 1990-களில் வேறு வழியில் போனது. வெளியூர்த் தாளைத் திருத்துவதை விட்டு, தலைநகர் ஹராரேயின் நோயாளிகளும் நாட்டு வைத்தியர்களும் செவிலியர்களும் துன்பத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அதிலிருந்து 14 கேள்விகளை அமைத்தது. ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். கேள்விகளில் வயிற்றுவலியும் உண்டு. மன வேதனையை உடம்பு வலியாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் மருத்துவரிடம் கொண்டுபோகும் நம் பெண்களுக்கும் அப்படியொரு தாள் ஏன் இருக்கக் கூடாது?

எல்லையைத் தாழ்த்தினால், நோயில்லாதவர்களும் வந்து குவிவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இந்தத் தாள் நோயைத் தீர்மானிப்பதில்லை, யாரை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்காக 9-ஐயும் எல்லாத் தமிழருக்கும் பொதுவான எண்ணாக்கிவிட முடியாது. மலேசியத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு அங்கேயே சரிபார்த்தாக வேண்டும்.

வேலூரையடுத்த கிராமங்களில் நடந்து 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கையில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கையுதவிக்கு ஆளில்லாமை ஆகியவற்றை இந்த மனச்சோர்வோடு தொடர்புடையவையாகக் கண்டது. எடின்பரோ தாளின் பத்துக் கேள்விகளும் இவற்றைத் தொடுவதில்லை. மதிப்பெண்ணில் சேர்க்காவிட்டாலும் சரி, இவற்றைத் தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளச் செவிலியருக்கு நேரமும், மாமியார் இல்லாத ஓர் அறையும் கொடுத்தாக வேண்டும்.