பரு, மச்சம், கேலக்சி

(சின்ன ஏர்வாடிக் கடற்கரை. தை அமாவாசைக்கு மறுநாள் காலை. காளியம்மா முந்தின நாள் எடுத்த மரிக்கொழுந்துப் பாசியை மணலில் பரப்பிக் காயப்போடுகிறார். கல்யாண போட்டோகிராபர் முனீஸ், கவிழ்த்துப்போட்ட வள்ளத்து நிழலில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான். தூங்கி வழியும் கண், ஆனால் முகத்தில் ஏதோ பரிசு வாங்கிய களை.)

காளியம்மா: ரப்பர் செருப்பு ரெண்டு சோடி வெச்சிருந்தேன். காலையில பாத்தா ஒத்தைச் செருப்புதான் கிடக்கு. மூணு காலுள்ள திருடன் எவன்டா இந்த ஊருல?

முனீஸ்: திருடன் இல்ல சின்னம்மா. கேமரா ஸ்டாண்டு.

காளியம்மா: ஸ்டாண்டுக்கு எதுக்குடா செருப்பு?

முனீஸ்: மணல்ல காலு இறங்கிக்கிட்டே போகுது. வாடைக்காத்து வேற தள்ளுது. ஒரு நூல் அசைஞ்சாலும் படம் போச்சு. அதான் மூணு காலுக்கும் அடியில ஆளுக்கொண்ணு வெச்சேன்.

காளியம்மா: அமாவாசையை ஒட்டித்தான் நீர் நல்லா வத்தும். ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் விடியமுன்ன பாசிக்குப் போயிட்டாளுக. நான் ஒத்தைச் செருப்போட பாறையில நொண்டி விளையாடவா? சரி, நேத்து கல்யாணம் எதுவும் இல்லையே. ராத்திரி பூரா யாரை எடுத்த?

முனீஸ்: ஆண்ட்ரோமெடா.

காளியம்மா: வேதக்கார வீட்டுப் புள்ளையா?

முனீஸ்: கேலக்சி சின்னம்மா! லட்சம் கோடி நட்சத்திரம் ஒண்ணாச் சேந்து சுத்துற கூட்டம். இங்கிருந்து 25 லட்சம் ஒளியாண்டு. அதாவது நேத்து என் கேமராவுல விழுந்த வெளிச்சம், அங்கிருந்து கிளம்பி 25 லட்சம் வருசம் ஆச்சு.

காளியம்மா: அப்ப நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல கிளம்புனதா?

முனீஸ்: பாட்டன் பூட்டனா? அப்ப மனுசன் இன்னும் முழுசா மனுசனே ஆகல.

காளியம்மா: ஒன் சித்தப்பா இப்பவும் அந்த நெலமையிலதான் இருக்காரு. முன்னோருக்கு எள்ளும் தண்ணியும் விட ஊரே சேதுக்கரைக்குப் போன அன்னைக்கு, நீ ராத்திரி வானத்தைப் பாத்து நின்னியாக்கும். கெரகந்தான் வேணும்னா தேவிபட்டினத்துல ஒம்பதும் கடலுக்குள்ளயே நிக்குதே. பட்டப்பகல்ல, பஸ்ஸுல போயி எடுத்திருக்கலாம். எவன் செருப்பும் வேண்டாம்.

முனீஸ்: கிரகம் வேற, கேலக்சி வேற. அமாவாசைன்னாத்தான் நிலா இருக்காது, வானம் கறுப்பா இருக்கும். மொதல்ல தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குத்தான் போகலாம்னு பாத்தேன். பொழுது சாஞ்சா அங்க விடமாட்டாங்க. அதான் நம்ம கரைக்கே வந்துட்டேன்.

காளியம்மா: அம்புட்டு வானத்துல இதை எப்படிக் கண்டுபிடிச்ச?

முனீஸ்: பூரட்டாதி, உத்திரட்டாதி தெரியும்ல?

காளியம்மா: ஏன் தெரியாது? ரெண்டும் சேந்தா கட்டில்காலு. நாலு மூலைக்கு நாலு. நானே உத்திரட்டாதிதான்.

முனீஸ்: அந்த உத்திரட்டாதியில வடக்க இருக்குற காலைப் பிடிச்சுக்கணும். அங்கிருந்து ரெண்டு நட்சத்திரம் தள்ளிப் போயி, சட்டுனு வடக்கால திரும்பி இன்னும் ரெண்டு நட்சத்திரம். அங்கதான் கிடக்கு. வெறுங்கண்ணுல பாத்தா கண்ணுல பூ விழுந்தாப்புல ஒரு வெளுப்பு, அவ்வளவுதான்.

காளியம்மா: எனக்கு இந்த ஊரே அப்படித்தான் தெரியுது. அதுக்கு ராத்திரி முழிக்கவா செய்றேன்?

முனீஸ்: நமக்குக் கண்ணுல தெரியுறது நடுப்பகுதி மட்டுந்தான். முழுசாத் தெரிஞ்சா, பௌர்ணமி நிலா ஆறை வரிசையா வெச்ச நீளம் இருக்கும்.

காளியம்மா: அம்புட்டுப் பெருசை வெச்சுக்கிட்டு ஏன் ஒளிஞ்சு நிக்குது?

முனீஸ்: பெருசுதான், ஆனா மங்கல். அதான் கேமராவைக் கூடுதல் நேரம் தொறந்து வெச்சு வெளிச்சத்தைச் சேக்கணும். மொதல்ல அரை நிமிசம் தொறந்து வெச்சேன். நட்சத்திரம் ஒவ்வொண்ணும் கோடு கோடா வந்துருச்சு.

காளியம்மா: ஸ்டாண்டு ஆடியிருக்கும். நல்ல செருப்பு மூணையும் எடுத்துக்கிட்டும் இந்த லட்சணம்.

முனீஸ்: ஸ்டாண்டு ஆடல, பூமிதான் சுத்துது. 200 எம்எம் லென்சுக்கு 2 செகண்டுக்கு மேல தொறந்து வெச்சா நட்சத்திரம் இழுத்துரும். அதனால ரெண்டு ரெண்டு செகண்டா முன்னூறு சொச்சம் படம் எடுத்தேன்.

காளியம்மா: ஒரே மூஞ்சிய முன்னூறு தடவையா? கல்யாண வீட்டுல தாலி கட்டுறதை ஒரே ஒரு தடவை எடுடான்னா, அன்னைக்குக் கோட்டை விட்டுட்டு மாப்பிள்ளைய மறுபடி கட்டச் சொன்னவன் நீ!

முனீஸ்: (பேச்சை மாற்றி) அந்த முன்னூறையும் கம்ப்யூட்டர்ல ஒரு இலவச சாப்ட்வேர்ல போட்டா, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி ஒண்ணா அடுக்கிரும். கேலக்சி எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல நிக்கும். இரைச்சல் இருக்கு பாருங்க, புள்ளி புள்ளியா, அது ஒவ்வொரு படத்துலயும் எடம் மாறும். சராசரி எடுத்தா அடங்கிரும். நூறு படம் சேத்தா இரைச்சல் பத்துல ஒரு பங்கு. நானூறு சேத்தா இருபதுல ஒரு பங்கு.

காளியம்மா: நாலு மடங்கு பாடுபட்டா ரெண்டு மடங்கு பலனா? பாசி யாவாரி போடுற கணக்காவுல்ல இருக்கு.

முனீஸ்: அதோட விட்டுச்சா? மூடி போட்டும் முப்பது படம் எடுத்தேன்.

காளியம்மா: என்னது?

முனீஸ்: லென்சு மூடிய மாட்டிட்டு.

(காளியம்மா பாசியைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.)

முனீஸ்: நெசமாத்தான்! கேமரா சூடானா அதுவாவே சில புள்ளி போடும். மூடி போட்டு அதே 2 செகண்டு, அதே ஐஎஸ்ஓ, அதான் வெளிச்சத்தக் கூட்டிக் காட்டுற அளவு, எல்லாம் மாத்தாம வெச்சு எடுத்தா அந்தப் புள்ளி மட்டும் தனியா விழும். அதை நேத்து எடுத்த படத்துல இருந்து கழிச்சிரணும். அப்புறம் லென்சுல மூலை இருட்டு இருக்கும், தூசி இருக்கும். அதையும் எடுக்க, விடியக்காலையில வெள்ளைத் துணிய லென்சு மேல ரெண்டா மடிச்சுக் கட்டி, வெளுத்த வானத்தைப் பாத்து எடுக்கணும்.

காளியம்மா: வெள்ளைத் துணி ஏது ஒன்கிட்ட?

(முனீஸ் கடலைப் பார்க்கிறான்.)

காளியம்மா: அடப்பாவி. காலையில இருந்து அந்த மனுசன் துண்டோட நிக்கிறாரு. சேதுக்கரைக்குக் கட்டிட்டுப் போயி, அலசிக் காயப்போட்ட வேட்டி!

முனீஸ்: நல்ல வேட்டி சின்னம்மா. ஒரு கறை இல்ல, வெளிச்சம் ஒரே சீரா இறங்குது.

காளியம்மா: அவருகிட்ட போயிச் சொல்லு, சந்தோசப்படுவாரு. சரி, படத்தக் காட்டு.

முனீஸ்: மொதல்ல எல்லாம் அடுக்கி முடிச்சதும் வந்த படம் இது.

காளியம்மா: கறுப்பா இருக்கே. மூடிய கழட்ட மறந்துட்டியா?

முனீஸ்: நானும் அப்படித்தான் பயந்தேன். உள்ள எல்லாம் இருக்கு, அடியில ஒட்டிக் கிடக்கு. இருட்டுப் பகுதிய மட்டும் கொஞ்சங் கொஞ்சமா மேல இழுக்கணும். அந்த வேலைக்குத்தான் பொறுமை வேணும்.

காளியம்மா: ஒனக்கு?

முனீஸ்: மணி மூணு ஆயிருச்சு. கண்ணக் கட்டுது. அதனால நான் வழக்கமா போடுறதப் போட்டுட்டேன்.

காளியம்மா: எதை?

முனீஸ்: கல்யாணப் பொண்ணு செட்டிங்.

(லேப்டாப்பைத் திருப்புகிறான். திரையில் ரோஸ் நிறத்தில், வழவழவென்று, நடுவில் பளீரென்று ஒரு முட்டை. இதற்குப் பின்னணியாக ஒரு மாலையும் "இனிய இல்லறம்" என்ற எழுத்தும் இல்லாததுதான் குறை.)

காளியம்மா: ஆத்தாடி! இது நம்ம செல்வி.

முனீஸ்: சின்னம்மா!

காளியம்மா: ரிசப்சன்ல அந்தப் புள்ள மூஞ்சிய இப்படித்தான் வெளுத்து வெச்சிருந்த. மூக்கு எங்க முடியுது, கன்னம் எங்க தொடங்குதுன்னே தெரியல. வானத்துல நட்சத்திரம் எங்கடா? ஒண்ணுகூடக் காணோம்.

முனீஸ்: அது... தோலை மிருதுவாக்குற பில்டர் இருக்குல்ல. நட்சத்திரம் எல்லாம் பருன்னு நெனச்சு எடுத்துருச்சு.

காளியம்மா: பில்டருக்கு அறிவில்ல, சரி. ஒனக்கு? இந்தா, மொதப் படத்துல நடுவுக்குக் கீழ, ஓரத்துல ஒரு சின்னப் புள்ளி நல்லா உருண்டையா இருந்துச்சே. இதுல அதையும் காணோம்.

முனீஸ்: அது பில்டர் இல்ல, நானேதான். தழும்பு அழிக்கிற பிரஷ் வெச்சு ஒரு தட்டு. ஏதோ மச்சம் மாதிரி அழகைக் கெடுத்துச்சு. தூங்கப்போறப்பதான் எதுக்கும்னு பாத்தேன். அது... எம் 32.

காளியம்மா: அப்படின்னா?

முனீஸ்: (தாழ்ந்த குரலில்) அது தனி கேலக்சி.

காளியம்மா: என்ன சொன்ன?

முனீஸ்: ஆண்ட்ரோமெடாவுக்குப் பக்கத்துலயே இருக்குற குட்டி கேலக்சி. அதுலயும் கோடிக்கணக்குல நட்சத்திரம். ஒரே கிளிக்.

காளியம்மா: கொலைகாரப் பயலே.

முனீஸ்: அதைக் கண்டுபிடிச்சவரு கதையக் கேட்டா இன்னும் திட்டுவீங்க. லெ ஜென்டீல்னு ஒரு பிரெஞ்சுக்காரர். 1749ல இதைக் கண்டாரு. அப்புறம் 1761ல வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்க போகப்போகுது, அதை அளக்கணும்னு எங்க கிளம்பினாருங்குறீங்க? நம்ம பாண்டிச்சேரிக்கு.

காளியம்மா: பாண்டிச்சேரிக்கா? வந்தாரா?

முனீஸ்: கப்பல் வர்றதுக்குள்ள பாண்டிச்சேரிய இங்கிலீஸ்காரன் பிடிச்சுட்டான். இறங்க முடியல. வெள்ளி குறுக்க போன அன்னைக்கு மனுசன் நடுக்கடல்ல. ஆடுற கப்பல்ல என்னத்த அளக்குறது?

காளியம்மா: அவருக்கும் செருப்பு கிடைக்கல.

முனீஸ்: அடுத்த தடவை 1769ல. அதை விட்டா நூறு வருசத்துக்கு மேல ஆகும். சரி, வந்தது வந்தாச்சுன்னு எட்டு வருசம் இந்தப் பக்கத்துலயே சுத்திட்டாரு. பாண்டிச்சேரி திரும்பப் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்துச்சு. அங்க போயி, வானம் பாக்குறதுக்குன்னே எடம் கட்டி, கருவி எல்லாம் நட்டு, நம்ம ஆளுககிட்ட பஞ்சாங்கக் கணக்குகூடக் கேட்டுக்கிட்டு, தயாரா உக்காந்திருக்காரு. ஜூன் மாசம், அந்த ஒரு நாள் காலையில...

காளியம்மா: மேகம்.

முனீஸ்: எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

காளியம்மா: கருவாடு காயப்போடுறவளுக்குத் தெரியாதா, மேகம் எந்த நேரம் பாத்து வரும்னு? அப்புறம்?

முனீஸ்: நொந்துபோயி ஊரு திரும்புறாரு. அங்க போனா, இவரு செத்துப்போயிட்டாருன்னு முடிவு பண்ணி, சொந்தக்காரங்க சொத்தைப் பங்கு போட்டுக்கிட்டு இருக்காங்க.

காளியம்மா: பிரான்சுலயும் நம்ம பங்காளிகதானா? பாவம் அந்த மனுசன். சொத்தும் போச்சு, வெள்ளியும் போச்சு. மிச்சமிருந்தது இந்த ஒரு புள்ளி. அதையும் நீ மச்சம்னு சொல்லித் தொடச்சுவிட்ட. நல்லாருப்பியாடா?

முனீஸ்: போகல சின்னம்மா. அடுக்கின மூலப்படம் அப்படியே பத்திரமா இருக்கு. காலையில உக்காந்து மறுபடி பண்ணினேன். பவுடர் இல்ல, பில்டர் இல்ல. பாருங்க.

(இந்த முறை காளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிகிறார். சாய்ந்த நிலையில் நீண்டு மெலிந்த ஓர் ஒளி. நடு மஞ்சள், ஓரம் போகப் போக லேசான நீலம். ஒரு பக்கத்தில் நகக்கீறல் அளவு கறுப்புத் தூசிப் பட்டை. சுற்றிலும் பொடி நட்சத்திரங்கள். அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது.)

காளியம்மா: நடுவுல ஏன் மஞ்சளா இருக்கு? நீ பூசுனதா?

முனீஸ்: இல்ல, அங்க கிழட்டு நட்சத்திரம் ஜாஸ்தி, அது மஞ்சளடிக்கும். ஓரத்துல எளசு, அதான் நீலம். மொதல்ல மொத்தமும் பச்சையா வந்துச்சு. கேமரா மத்த நிறத்தைவிடப் பச்சையத்தான் கூடுதலாப் பிடிக்கும். அதை மட்டும் கொறச்சேன்.

காளியம்மா: அந்தாண்ட மங்கலா ஒரு வெளுப்பு கிடக்கே?

முனீஸ்: அது எம் 110. அதுவும் தனி கேலக்சிதான். அதை நான் தொடவே இல்ல, சத்தியமா.

காளியம்மா: ம். பளபளப்பு கம்மிதான். ஆனா ஆளு தெரியுது. ஏன்டா, மூலப்படம் இருந்தா அழிச்ச மச்சத்தத் திருப்பிக் கொண்டாந்துரலாமா?

முனீஸ்: தாராளமா. எதுவா இருந்தாலும்.

காளியம்மா: அப்ப மொதல்ல நம்ம மதிக்குக் கொண்டா.

முனீஸ்: ...மதிக்கா?

காளியம்மா: ஜாதகத்தோட குடுக்க எடுத்தியே ஒரு போட்டோ. அதை நம்பிப் போன மாசம் பரமக்குடியில இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. மதி காப்பித் தட்டோட வந்து நிக்கிறா. மாப்பிள்ளையோட ஆத்தா போட்டோவப் பாக்குது, இவளப் பாக்குது, மறுபடி போட்டோவப் பாக்குது. கடைசியில என்னையப் பாத்து, "மூத்தவ நல்லாத்தான் இருக்கா, போட்டோவுல இருக்குற தங்கச்சியக் கூப்பிடுங்க"ங்குது.

முனீஸ்: நீங்க என்ன சொன்னீங்க?

காளியம்மா: என்னத்தச் சொல்ல? பெத்ததே ஒண்ணு!

முனீஸ்: (லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து) சின்னம்மா, அந்த ஓரத்துப் பாசி ஒரு பக்கம் காஞ்சிருச்சு போல. திருப்பிப் போடட்டுமா?