பல்லுக்குப் பேஸ்ட், ஹெட்லைட்டுக்கு கிளியர்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் போனுக்கு நிம்மதி இல்லை. எந்த வீடியோ என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் என்னை டேக் செய்ததே "பாத்தியாண்ணா?" என்று கேட்கத்தான். பார்த்தேன். நான்கு முறை பார்த்தேன். கொஞ்சம் டூத்பேஸ்ட், ஒரு பழைய பனியன் துணி, ஐந்து நிமிடத்தில் மஞ்சள் ஹெட்லைட் பளபள. கடைசியில் அந்தத் தம்பி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்: "இதுக்குப் போய் குன்னூர்ல 1500 ரூபா கேக்கறாங்க. கொள்ளைங்க!"

கேட்டது நான்தான். குன்னூரில் மங்கின ஹெட்லைட்டைத் தேய்த்துச் சரிசெய்யும் கடை என்னுடையது. பெயர் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. கீழே கமென்ட்டில் மற்றவர்கள் கடைக்கு வழியே சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் கடைக்கு வந்தார். அரை மணி நேரம் நின்றார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். யோசித்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். யார் இல்லை என்றது? அதில் நுண்ணிய தூள் இருக்கிறது, மேலே செத்துப்போன மஞ்சள் படலத்தை அது சுரண்டி எடுக்கும். ஆனால் தேய்ப்பது பாதி வேலைதான். தேய்த்த இடத்தின் மேல் கிளியர், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, ஏறினால்தான் வேலை முடிந்தது. இதைத்தான் அவரிடம் அரை மணி நேரம் சொன்னேன்.

அம்பாசிடர் காலத்து ஹெட்லைட் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சள் ஆகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். லேசில் உடையாது, ஆனால் வெயிலுக்கு ஆகாது. அதனால்தான் கம்பெனியிலேயே அதன் மேல் கெட்டியாக ஒரு கிளியர் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். அதுதான் அதன் தோல். வருடக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டு அந்தத் தோல் செத்து, முதலில் மேல் ஓரத்தில் மங்கும், அப்புறம் மீன் செதில்போல் உரியும். அந்த நிலையில் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் என்ன நடக்கும்? மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த தோலும் போகும். அம்மணமான பிளாஸ்டிக்கை வெயிலில் நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா, புதுசு மாதிரி" என்று வீடியோ போடலாம்.

"ஊட்டி குன்னூர்ல ஏதுங்க வெயில்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேட்டிருப்பார் போல. குளிர் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240. மேகம் இருந்தாலும் ஒரு பங்கு கீழே வந்துவிடும். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒரே நாளில் மூக்குத் தோல் உரிந்து திரும்புவதைப் பார்த்ததில்லையா? மூக்காவது திரும்பத் தோல் வளர்த்துக்கொள்ளும். ஹெட்லைட் வளர்க்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதாகப் பெருமை பேசவில்லை. தப்புச் செய்துதான் கற்றேன். கடை போட்ட புதிதில் நானும் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போட்டு, பளபளக்க பஃப் அடித்து, கிளியர் இல்லாமலே கொடுத்துக்கொண்டிருந்தவன்தான். கோத்தகிரி பக்கத்து டீச்சரம்மா ஒருவர் வண்டியைச் செய்துகொண்டு, பள்ளிக்கூடம் முழுக்க என்னைப் பற்றிச் சொன்னார். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். திட்டவில்லை. "எனக்குக் கண்புரை எடுத்தாச்சு தம்பி, வண்டிக்கு மறுபடியும் வந்துடுச்சே" என்றார். திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன். அவர் வண்டிக்குக் காசு வாங்காமல் கிளியர் அடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து கிளியர் இல்லாமல் ஒரு லைட்டையும் கடையை விட்டு வெளியே அனுப்பியதில்லை.

இன்னொன்று, வீடியோவில் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறார், எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது: "நான் போனப்ப ஒரு வண்டியோட லைட்டை இருந்ததை விட மோசமா ஆக்கி வச்சிருந்தாருங்க." தம்பி, அது பாதி வேலையில் இருந்த வண்டி. தோல் உரிந்த லென்ஸுக்கு, அதாவது லைட்டின் வெளி பிளாஸ்டிக்குக்கு, 600 நம்பர் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளில் ஆரம்பித்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பழைய பூச்சு திட்டுத் திட்டாக மிஞ்சாமல் முழுக்க எடுக்க வேண்டும். நகத்தால் தடவினால் மேடு தட்டக் கூடாது. அப்புறம் இன்னும் நைசான 800, 1000, அதற்கும் மேலே. கிளியர் அடிப்பதாக இருந்தால் அதற்கு முன் கண்ணாடிபோல் பாலிஷ் போடவே கூடாது. நுண்ணிய கீறல் இருந்தால்தான் கிளியர் பிடிக்கும். அதனால் அந்த நேரத்தில் லைட் வெள்ளை வெளேரென்று மங்கிக் கிடக்கும். ஈரக் கையால் ஒரு தடவு தடவினால் போதும், உள்ளே பல்பு வரை தெரியும். தடவிக்கூடக் காட்டினேன். அதை வீடியோவில் காணோம்.

கிளியரும் பெட்டிக்கடை ஸ்ப்ரே டப்பா இல்லை. ஹார்ட்னர் என்ற இறுகவைக்கும் மருந்தைக் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர். அந்த ஹார்ட்னர் மூச்சுக்குள் போனால் கெடுதல், மாஸ்க் இல்லாமல் அடிக்க முடியாது. பனிமூட்டத்தில் அடித்தால் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிடும். அதனால் நம் ஊரில் வெயில் முகம் காட்டுகிற அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் எனக்கு வேலை நேரம். ஜூன் ஜூலையில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அந்த சும்மாவுக்கு யாரும் கூலி தருவதில்லை.

இப்போதே சொல்லிவிடுகிறேன், "நீ காசுக்காகப் பேசறே" என்று எழுதப் போகிறீர்கள். ஆமாம், காசுக்காகத்தான் கடை வைத்திருக்கிறேன். வேண்டுதலுக்காக இல்லை. சீசனில் ஒரு அறைக்கு ஓட்டல்காரர் இரண்டு மடங்கு கேட்டால் கொடுக்கிறீர்கள். ஒரு டப்பா சாக்லேட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு செல்ஃபியும் எடுக்கிறீர்கள். கையில் வாட்டர் பேப்பர் பிடித்தவன் விலை சொன்னால் மட்டும் கொள்ளை.

"எனக்கு வேறு இடத்தில் 300 ரூபாய்க்கு ஆவி காட்டிச் செய்தார்கள்" என்று ஒருவர். தெரியும், கோப்பையில் மருந்து ஊற்றிச் சூடாக்கி ஆவி விடுவது. அது பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்துவிட்டுப் பளபளப்பு காட்டுகிறது. பின்னால் மெல்லிய வெடிப்பு விழலாம், வெயிலுக்குக் காப்பும் கிடையாது. அந்த ஆவியை மூச்சில் இழுக்கும் பையனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

புது செட்டே மாற்றிக்கொள்ளலாமே என்றால், தாராளமாக மாற்றுங்கள். லென்ஸ் உள்பக்கம் மங்கியிருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். வெயில் தாங்கும் ஃபிலிம் ஒட்டலாமா என்றால் அதுவும் சரிதான். சுத்தமாகத் தேய்த்த லென்ஸ் மேல் ஒட்டுங்கள். என் கடையில் ஃபிலிம் இல்லை, கோயம்புத்தூர் போங்கள். எனக்கு வருத்தமில்லை.

ஆனால் "எல்இடி பல்பு போட்டா போச்சு" என்பவர்களை மட்டும் மன்னிக்க முடியவில்லை. மங்கின லென்ஸுக்குப் பின்னால் எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் அது சாலைக்குப் போகாது, நாலாபக்கமும் சிதறும். ஏறி வருகிறவன் கண்ணில் அடிக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி, ஒவ்வொன்றிலும் எதிரே வருகிறவனைக் குருடாக்கிவிட்டுத்தான் போவீர்களா? அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் அளந்து பார்த்தது. மோசமாக மங்கின லைட் புது லைட்டில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் தந்தது. தேய்த்துச் சரிசெய்த பின் சுமார் 70 சதவீதம். 70தான், 100 இல்லை. நானும் 100 என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு டிசம்பர் இரவு, மச்சான் வண்டியில் கோத்தகிரியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். அவன் லைட் மஞ்சள் புரை, "பாத்துக்கலாம் மாமா" என்று ஒரு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். வளைவில் எனக்கு முதலில் தெரிந்தது நான்கு வெள்ளைக் கால்கள். சாக்ஸ் போட்டதுபோல். அதற்கு மேலே ஒன்றுமில்லை, இருட்டு மட்டும். அந்த இருட்டு மெதுவாகத் தலையைத் திருப்பியபோதுதான் காட்டெருமை என்று தெரிந்தது. பம்பருக்கும் அதற்கும் ஒரு ஆள் படுக்கிற இடைவெளி. மச்சான் வீடு வரை பேசவில்லை. மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னே வண்டியோடு நின்றான். அவனிடமும் 1500 வாங்கினேன். வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன், அது வேறு கதை.

வீடியோ என் மகனுக்கும் போயிருக்கிறது. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். "அப்பா, அது நம்ம கடையா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். "விடுங்கப்பா, நீங்க எதுவும் எழுதாதீங்க" என்றான். இரண்டு நாள் எழுதவில்லை. லீவில் வந்தால் கடையில் என்னோடு நின்று தண்ணீர் ஊற்றித் தருகிறவன், இந்த முறை படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்கிறான். இருக்கலாம்.

அந்தத் தம்பியின் லைட் ஆடி முடிவதற்குள் திரும்பவும் மங்கிவிடும். இந்த முறை திட்டுத் திட்டாக. அப்போது வரட்டும், செய்து தருகிறேன். விலை அதே 1500. டீக்கு மட்டும் அவரே காசு கொடுத்துக்கொள்ளட்டும்.