ரம் வேணும்னா அண்ணே, புகார்னா யோவ்

24 வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக 2020-இல் ஊர் திரும்பியவன் நான். ஊர் குடியாத்தம் பக்கம், ஆந்திர எல்லையோரம். வேலூர் மாவட்டத்தில் இது அதிசயமே இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதற்கான டிஸ்சார்ஜ் புக் வைத்திருக்கும் இந்த மண்ணில், காவல் நிலையத்து வாசப்படி ஏறினால் எங்களுக்குக் கிடைக்கும் மரியாதையை இன்று கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் கடலைக்காடு எல்லைக்கு அந்தப் பக்கம், சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. வீடு இந்தப் பக்கம். போன வாரம் விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போனால், மோட்டார் கொட்டகையிலிருந்து போர்வெல் வரைக்கும் ஒயர் இல்லை. அறுத்து, அங்கேயே வரப்பில் உட்கார்ந்து நிதானமாக உரித்து, செம்பை மட்டும் எடுத்துப் போயிருக்கிறான். கறுப்பு ரப்பர் பாம்புச் சட்டை மாதிரி வரப்பு நெடுகக் கிடந்தது. இந்த ஆறு மாதத்தில் இது இரண்டாவது தடவை.

எங்கள் பக்கத்து நிலையத்துக்குப் போனேன். சம்பவம் ஆந்திரா லிமிட், அங்கே போ என்றார்கள். அங்கே போனேன். "மீ ஊரு தமிழ்நாடு கதா, அக்கடிகே போண்டி" (உங்க ஊர் தமிழ்நாடுதானே, அங்கேயே போங்க) என்று ஏட்டு கையைக் காட்டினார். திரும்ப இங்கே வந்தேன். இரண்டு மணி நேரம் நின்றேன். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எழுத்தர் ஒரு குயர் பேப்பர் வாங்கி வரச் சொன்னார். அதையும் வாங்கிக் கொடுத்தேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர் போட்டு அந்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. இதைப் பணிவாகத்தான் சொன்னேன். என் மகன் வயதுள்ள சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யோவ் மிலிட்டரி, இன்னா ரூல்ஸ் பேசற? இது உன் பட்டாளம் இல்ல" என்றார். குறைந்தபட்சம் புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர் ரசீதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, பட்டாளத்துக்காரன் திமிரு என்று பெயர் வைத்தார்கள்.

இதே நிலையத்து ஆட்கள்தான் எல்லைச் சாவடியில் என் வண்டியைப் பார்த்தால், "வாங்கண்ணே, மிலிட்டரி கேன்டீன் போய்ட்டு வரீங்களா?" என்று பல்லைக் காட்டுகிறார்கள். பை திறக்கும். பில் இருக்கிறதா என்று கேட்பார்கள், இருக்கும். அப்புறம் குரல் இறங்கும்: "ஒரு ரம்மு குடுத்துட்டுப் போங்கண்ணே, பொண்ணு சடங்கு வருது." என் கேன்டீன் கார்டில் வாங்கிய பாட்டிலை வெளியே கொடுத்தால் என் கார்டுதான் முடங்கும். முடியாது என்று சொன்ன அன்றைக்கு, வெயிலில் முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தார்கள்.

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். போலீஸ் போதவில்லை, முன்னாள் படைவீரர்கள் பாதுகாப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். வாக்குப்பதிவு தொடங்கிய காலை 7 மணியிலிருந்து பெட்டி கிளம்பும் வரை பள்ளிக்கூட வாசலில் நின்றேன். அன்றைக்கு என் ஒழுங்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. என் ஒயர் போன அன்றைக்கு அதுவே திமிராகிவிட்டது.

எங்கள் ஆட்களிலும் சிலர் வண்டியில் ஆர்மி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ஹெல்மெட் கேட்கும் காவலரிடம் "நான் யார் தெரியுமா" என்று எகிறுகிறார்கள். தப்புதான். என் அக்கா மகன் இரண்டாம் நிலைக் காவலர். தூக்கமில்லாத பந்தோபஸ்து என்றால் என்ன என்று அவன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் எரிகிறது. சீருடைக்காரனின் பாடு சீருடைக்காரனுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

சர்வீஸில் இருந்தபோது, 2011-இல் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி உள்ளே வந்துவிட்டார். என் மனைவி ஒண்டியாக அலைந்தாள். எங்கள் படைப்பிரிவின் தலைமை அதிகாரி சி.ஓ. சாப் கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்தே நாளில் சர்வேயர் வந்து கல் நட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு என் பின்னால் ஒரு ரெஜிமென்ட் நின்றது. இன்றைக்கு அந்தக் கடிதம் எழுத ஆள் இல்லை என்பது அந்த நிலையத்துக்கு நன்றாகத் தெரியும்.

நிலையத்தில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. முந்தாநாள் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டேன். ரசீது டிஸ்சார்ஜ் புக்குக்குள் இருக்கிறது. கடலை பூ விட்டு நிற்கிறது, இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. 2011-இல் வரப்பை வெட்டினாரே, அவர்தான் இப்போது தன் போர்வெல்லிலிருந்து எனக்கு ஓஸ் பைப் இழுத்து விட்டிருக்கிறார்.